காதில் விழாத மாதிரி

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை மேடம். நிதானமாகவே பேசலாம். நான் குழந்தைகளிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியவன் இல்லை. வேலப்பன்சாவடியில் என் பயிற்சி மையத்துக்குக் கீழே டயர் கடை வைத்திருப்பவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்.

குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலம் பற்றி ஆசிரியர்களுக்கும் நர்சுகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி கொடுக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். ஆனால் நிஜமான ஒரு பிள்ளையை எதிரே உட்கார வைத்தால் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதற்காகத்தான் நடுச்சுவரில் அந்தக் கண்ணாடியைப் போட்டேன். உள்ளறையில் நானும் பிள்ளையும் இருப்போம். மாணவர்கள் அந்தப்பக்கம் உட்கார்ந்து எங்களைப் பார்ப்பார்கள், மைக்கில் கேட்பார்கள். எங்களுக்கு எங்கள் முகம்தான் தெரியும். பெற்றோர் சம்மதத்தோடுதான் எல்லாம்.

இதில் ஒரே சங்கடம், பிள்ளை தேறிவிட்டால் வருவதை நிறுத்திவிடும். அடுத்த பேட்சுக்கு நான் யாரைக் காட்டுவது?

கிருஷ்ணப்பிரியா மாங்காட்டுப் பெண். வந்தபோது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மா தாட்சாயிணிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் வேலை. வீட்டில் வாயாடுகிற பிள்ளை, பள்ளிக்கூட வாசலை மிதித்தால் ஒரு வார்த்தை பேசாது. வீம்பு இல்லை, பயம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. யாரிடம் பேசுமோ அவரையே அறைக்குள் கொண்டுவந்து பேசவிட்டு, நாம் மெல்ல மெல்லப் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். அவள் பக்கத்து வீட்டு சபீனாவிடம் பேசுவாள். இருவரையும் லூடோ ஆட விட்டேன். மழைக்காலம் முடிவதற்குள், நான் பக்கத்தில் இருக்கும்போதே, "ஏய், அழுகுணி ஆட்டம் ஆடாத" என்று சபீனாவை அதட்டினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கைதட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

தை மாதம் புது பேட்ச் வந்தது. அவர்கள் பார்க்க வேண்டியது வாய் திறக்காத பிள்ளையை. இவளோ படியேறும்போதே பேசிக்கொண்டு வருகிறாள். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ திரும்பிப் போகிறவர்கள், மேடம். அங்கே எத்தனை பிள்ளைகள் காத்திருக்கும் என்று நான் யோசிக்க வேண்டாமா?

தாட்சாயிணியைக் கூப்பிட்டு, உங்கள் பெண் சபீனாவையே பிடித்துத் தொங்குகிறாள், கொஞ்ச நாள் பிரித்து வையுங்கள் என்றேன். அந்தம்மா என் பேச்சைத் தட்டமாட்டார். சீக்கிரமே பிள்ளை பழையபடி ஆகிவிட்டது. வகுப்பு பிரமாதமாக நடந்தது.

ஆனால் வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தத் தெம்பு அவ்வப்போது என் அறைக்குள்ளும் எட்டிப் பார்த்தது. அதனால் தாட்சாயிணியிடம், அவள் வீட்டில் பேசினால் காதில் விழாத மாதிரி இருங்கள், அப்போதுதான் வெளியே பேச வழி தேடுவாள் என்று சொன்னேன். எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. அது நானாகச் சொன்னது. அடுத்த ஞாயிறு அந்தம்மா என் மேசைக்கு முன்னால் நின்று அழுதார்.

"ஜொரத்துல படுத்துகினு தண்ணி கேட்டுச்சு சார். நீங்க சொன்னீங்கன்னு நானு திரும்பிக்கூட பாக்கல. அப்பால அதுவா எய்ந்து போயி குட்ச்சிச்சு. சரியாப் பூடும்ல சார்?"

சரியாகிவிடும் என்றேன். உங்களைப் போல மனஉறுதி எல்லா அம்மாக்களுக்கும் வராது என்று பாராட்டியும் அனுப்பினேன்.

உங்களிடம் புகார் கொடுத்த கனிமொழி என் மாணவிதான். ஆவடியில் டீச்சர், கெட்டிக்காரி. முன்பு இந்தப் பெண் நன்றாகப் பேசினாளாமே, ஏன் நின்றது என்று வகுப்பிலேயே கேட்டார். தேறின பிள்ளைகள் சறுக்குவது சகஜம் என்று அதையே அன்றைய பாடமாக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, நேரே போய் தாட்சாயிணியை விசாரித்திருக்கிறார்.

அதற்குள் வீட்டிலும் பேச்சு நின்றுவிட்டது. இப்போது பெரிய டாக்டர்கள் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பார்க்கட்டும். எனக்குத் தெரிந்தவரை அது இனி திரும்பாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வகுப்பன்று நான் இன்னும் மைக்கைப் போடவில்லை. அந்தப்பக்கம் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் லூடோ அட்டையைப் பார்த்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"அம்மாவ எங்கூடப் பேசச் சொல்லுங்க சார்."

நான் காதில் விழாத மாதிரி எழுந்துபோய் மைக்கைப் போட்டேன். அந்தப்பக்கம் அமைதியானார்கள். பிள்ளையும்தான். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசவில்லை.

ஆமாம், செய்தது நான்தான். தெரிந்தேதான் செய்தேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், மேடம். பெற்ற தாயிடம் கேட்க முடியாததை அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டது. ஒரு குழந்தையிடம் அவ்வளவு நம்பிக்கையைச் சம்பாதிப்பது லேசான காரியமில்லை. அதைத்தான் இத்தனை வருஷமாக நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.