ஏழரை

மலிவான மல்டிமீட்டரைக் குறை சொல்லக் கூடாது சார். அதைப் பிடிக்கிற கையைத்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் கிட்டார் வாசிப்பவர் இல்லை, அதனால் விளக்குகிறேன். கிட்டாரின் கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு சாமான் இருக்கும். காந்தத்தைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக்கம்பி, ஆயிரக்கணக்கில் சுற்று. சரியாகச் சுற்றியிருக்கிறதா என்று மீட்டர் வைத்து ரெசிஸ்டன்ஸ் பார்ப்போம். சுற்று குறைந்தால் எண்ணும் குறையும். பார்க்கும்போது மீட்டரின் இரண்டு முனையிலும் விரல் படக் கூடாது. பட்டால் உங்கள் உடம்பும் சேர்ந்து அளக்கப்படும், எண் இறங்கிவிடும். ஈரக் கை என்றால் இன்னும் மோசம். என்னுடையது மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை. கரண்டே தயங்கித்தான் தொடும்.

என் தங்கை வீட்டுக்காரர் மேடையில் பாடிக்கொண்டே வாசிக்கிறவர். பஞ்சு மாதிரிக் கை, எந்நேரமும் வியர்வை.

அவருக்கு ஒரு பிக்கப் சுற்றினேன். என் மீட்டரில் எட்டு கிலோ ஓம் காட்டியது. திரையோரத்தில் பேட்டரிப் படம் மினுக்கியது. அது எப்போதும் மினுக்கும், அதனால் யாரும் செத்துவிடவில்லை. மாப்பிள்ளை தன்னுடைய விலை உயர்ந்த மீட்டரை எடுத்துவந்து வைத்தார். ஏழு. என் பட்டறையில், அவர் குழு மொத்தமும் பார்க்க.

"என்ன மச்சான், ஆயிரம் சுத்தை முழுங்கிட்டீங்களா?"

"கையை எடுங்க மாப்பிள்ளை. உங்க உடம்பும் சேர்ந்து அளக்குது."

"ஏன், என் உடம்புல கரண்டா ஓடுது?"

டிரம்ஸ்காரன் பஞ்சாயத்து பண்ணினான். "சரி விடுங்கப்பா. ஏழும் வேணாம், எட்டும் வேணாம். ஏழரைன்னு வச்சுக்குவோம்."

அன்றிலிருந்து என் பெயரே ஏழரை. "ஏழரை இருக்காரா?" என்று கேட்டு போன் வரும். பிறகு அதுவும் வரவில்லை.

தங்கை வந்து கெஞ்சினாள். "பிரிச்சு இன்னொரு தடவை சுத்திக் குடுத்துடேண்ணா. அவர் விளையாட்டுக்குத்தானே சொன்னார்?"

"சரியா இருக்கறதை எதுக்கும்மா பிரிக்கணும்?"

அப்புறம் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் இரைகிறது என்று மாப்பிள்ளை என்னிடமே கொண்டுவந்தார். ஆயிரம் கேலி செய்தாலும் என்மேல் அவ்வளவு நம்பிக்கை. இரைச்சலைச் சுத்தமாக நிறுத்தினேன். நான் வேலையில் குறை வைக்கிறவன் இல்லை. எர்த் வயரைக் கழற்றினேன். இன்னொரு வயரை அது இருக்கக் கூடாத இடத்தில் முறுக்கினேன். அவ்வளவுதான் என் பங்கு. கிட்டார் கம்பியில் ஈர விரல், மைக்கில் உதடு என்று இரண்டு முனையையும் பிடித்தது அவர்.

பாட்டின் முதல் வரிகூட முடியவில்லை. தங்கை முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள் சார். கோபக்காரன் கத்தியைத் தூக்குவான். நான், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். ஓடுது மாப்பிள்ளை.

நேற்று உங்கள் ஆள் அந்தப் பிக்கப்பைக் கழற்றி, கை படாமல் கவ்வி மாட்டி அளந்தார். ஏழு. பிறகு என் மீட்டருக்கே புது பேட்டரி போட்டு அளந்தார். அதிலும் ஏழு. தங்கை திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய்விட்டாள்.

உங்கள் ஆளுக்கும் கை வியர்க்கும் போலிருக்கிறது சார். துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்கள்.