வாடிக்கையாளர் கூறுவது

நல்ல வண்டி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐந்து பேர் காலை நீட்டி உட்காரலாம், பின்னால் மூன்று பெட்டி வைக்கலாம், மேடு பள்ளம் எதுவும் இடுப்புக்குத் தெரியாது. வாங்கி மூன்று வருடம் ஆகப்போகிறது. நான் வண்டியைத் திட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் பேனாவைத் திறந்திருந்தால், ஐயா, மூடிவிடலாம். குறை சொல்கிறவன் என்று எனக்குப் பெயர் வைத்தது சர்வீஸ் சென்டர்.

சின்னச் சின்னத் தொல்லை எல்லா வண்டியிலும் இருக்கும். முதல் வருடம் டாஷ்போர்டு பெட்டியின் மூடி தானாகத் திறந்துகொண்டது. ஒரு துண்டு கம்பளித் துணியை உள்ளே ஒட்டினேன், அடங்கிவிட்டது. ஏசியில் ஈர வாடை வந்தது. வீடு சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே குளிரை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டால் அந்த வாடை வராது. இதே வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது, முந்நூறு பேர். யாருக்கு எந்தக் கோளாறு வந்தாலும் "வாத்தியாரைக் கேளுங்க" என்பார்கள். நான் இருபத்திரண்டு வருடமாகப் பள்ளியில் இயற்பியல் ஆய்வகம் பார்க்கிறேன். குழுவில் என் பேச்சை ஒருவரும் மறுத்ததில்லை.

பிறகு அந்தக் கதவு வந்தது. பின்னிருக்கையின் இடப்பக்கக் கதவு.

வலப்பக்கம் வண்டியைத் திருப்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம். பெரிய சத்தமில்லை. கட்டைவிரல் நகத்தால் மேசையைச் சுண்டினால் வருகிற அளவு. எப்போதும் வராது. பத்துத் திருப்பத்தில் ஒரு திருப்பம். ஒரே ஒரு முறை, கதவு திறந்திருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு கண்ணிமைக்கும் நேரம் எரிந்து அணைந்தது. அதை நான் மட்டும்தான் பார்த்தேன். பக்கத்தில் யாரும் இல்லாதது என் குற்றமில்லையே.

வாரண்டி இருக்கிறது, கொண்டுபோனேன். அங்கே ஒரு ஆலோசகர். கழுத்தில் டை, அது எஞ்சினுக்குள் தொங்கிவிடாமல் நுனியைச் சட்டைப் பையில் செருகியிருப்பார். டைக்காரர் என்றுதான் வீட்டில் அவரைச் சொல்வோம். அவர் ஜாப் கார்டு எழுதுவார். அதில் இரண்டு கட்டம். இடப்பக்கம் 'வாடிக்கையாளர் கூறுவது'. வலப்பக்கம் 'கண்டறியப்பட்டது'. நான் சொன்னதையெல்லாம் இடப்பக்கம் எழுதிக்கொண்டார். மாலையில் போனால் வலப்பக்கம் இரண்டே சொல். 'குறை தென்படவில்லை.'

அந்தக் கட்டத்தின் தலைப்பை நீங்கள் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் கூறுவது. சும்மா கூறுவது. ஏதோ சொல்கிறான், சொல்லிவிட்டுப் போகட்டும் என்கிற தொனி அதில் இருக்கிறது. நீங்கள் இப்போது நிரப்பிக்கொண்டிருக்கும் தாளிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான் மேலே அச்சடித்திருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

மொத்தம் ஏழு முறை போனேன். ஏழு அட்டையும் என் பையில் இருக்கின்றன, தேதி வாரியாக. மூன்றாவது முறை டைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"சார், அது சீட் பெல்ட் கொக்கி கதவுல தட்டுற சத்தம். நிறைய பேர் இப்படித்தான் நெனச்சுக்கறாங்க."

நிறைய பேர். எனக்கே காது குத்தினார். ஐந்தாவது முறை நானே ஓட்டிக் காட்டினேன். பதினான்கு திருப்பம். ஒன்றில்கூட அந்தச் சத்தம் வரவில்லை. ஒரு மணி நேரம் அவர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார், அந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கவே இல்லை. இறங்கும்போது சொன்னார்.

"எங்ககிட்ட வர்றப்ப மட்டும் வரமாட்டேங்குதே சார். ஒரே ஒரு தடவ வரவெச்சுக் காட்டுங்க. அன்னிக்கே பூட்டை மாத்திக் குடுத்துடறோம். வாரண்டிதானே."

வரவெச்சுக் காட்டுங்க. இந்தச் சொல் அவருடையது. எழுதிக்கொள்ளுங்கள்.

என் மைத்துனன், மனைவியின் தம்பி, ஒரு நாள் சாப்பிட வந்தவன் கேலி செய்தான். "மாமா, கதவுக்கு வாரண்டி இருக்கு. உங்க காதுக்குத்தான் முடிஞ்சுபோச்சு." எல்லோரும் சிரித்தார்கள். விடுதியிலிருந்து வந்திருந்த என் மகளும் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கும்தான் கேக்குது. உனக்கு என்ன தெரியும்?"

அவளைப் பற்றிச் சொல்கிறேன். என்னை நம்பிய ஒரே ஆள் அவள்தான். முன்னிருக்கையில் உட்கார்ந்தால் ஏசிக் காற்று காதை அடைக்கிறது என்று, மகள் குழந்தையாக இருந்த நாளிலிருந்தே பின்னால் இடப்பக்கம்தான் உட்காருவாள். வண்டி கிளம்பிப் பத்து நிமிடத்தில் தூங்கிவிடுவாள், தலையைக் கதவில் சாய்த்துக்கொண்டு. எந்த வண்டியானாலும் அப்படித்தான். மறுநாளே துணி காயப்போடும் நீலக் கயிற்றில் ஒரு துண்டு வெட்டி, கதவின் கைப்பிடியையும் முன்னிருக்கையின் அடிக்கம்பியையும் சேர்த்துக் கட்டிவிட்டாள். "இனிமே நிம்மதியா ஓட்டுங்க" என்றாள். எனக்கு நிம்மதி எப்படி வரும்? கயிறு இருந்தால் சத்தம் வராது. சத்தம் வராவிட்டால் குறை தென்படாது. என் கட்சியில் நின்றுகொண்டே என் ஆதாரத்தைக் கட்டிப்போட்டுவிட்டாள். அவளிடம் அதைச் சொல்லவில்லை. அன்பாகச் செய்ததில் போய் என்ன சொல்வது.

உங்களுக்கு ஆய்வகம் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊசல் சோதனை என்று ஒன்று இருக்கிறது. நூலில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டி, நேரத்தை அளந்து எழுத வேண்டும். விடை என்ன என்று பையன்களுக்கு முன்கூட்டியே தெரியும், புத்தகத்தில் இருக்கிறது. அதனால் குண்டைத் தொடாமலே, விடையிலிருந்து பின்னோக்கிப் போய் அளவுகளை எழுதிவிடுவார்கள். அதற்கு எங்கள் ஆய்வகத்தில் 'வரவழைப்பது' என்று பெயர். அப்படி வரவழைத்த ஏட்டைக் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவனையும் விட்டதில்லை. தலைமையாசிரியர் தன் மகனுக்காக வந்து கேட்டார், அப்போதும் விடவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் எப்படிப்பட்டவன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது முறைப்படி சோதனையைத் தொடங்கினேன். கயிற்றை அவிழ்த்துவிட்டு, இருபது லிட்டர் தண்ணீர் கேன்கள் நான்கை அந்தக் கதவை ஒட்டி அடுக்கினேன். வெளிவட்டச் சாலையின் மேம்பாலத்தில் வலப்பக்கமாகச் சுழன்று இறங்கும் வளைவு ஒன்று இருக்கிறது. அதில் நாற்பது வேகத்தில் மூன்று முறை, ஐம்பதில் இரண்டு முறை. கதவு அசையவில்லை, சத்தமும் வரவில்லை. தண்ணீர் கேன் மனிதரைப் போலச் சாய்வதில்லை. மனிதர் தூங்கும்போது உடம்பின் பாரம் முழுவதும் தோள் வழியாக ஒரே இடத்தில் இறங்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை, வாரண்டி முடிய நான்கு நாள். அன்றைக்கு மகளின் விடுதிக்குப் போய் வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தேன். மனைவிக்கு அவ்வளவு சந்தோஷம். முந்தின நாள் முழுவதும் மகளின் துணிகளை இஸ்திரி போட்டு, பையில் மடிப்புக் கலையாமல் அடுக்கினாள். காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். முன்னிருக்கையின் தலைச்சாய்வில் என் போனைப் பொருத்தி, கதவைப் பார்த்தபடி வீடியோ ஓடவிட்டேன்.

"இன்னிக்குமா?" என்றாள்.

"கடைசி தடவை. அந்த டைக்காரன் மூக்கை உடைக்கணும்."

"கயிறு எங்க?"

"அவுத்துட்டேன். திரும்பி வர்றப்ப கட்டிக்கலாம்."

பெல்ட்டைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். ஆமாம், கொக்கியைக் கதவுக்கு எட்டாதபடி சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டு, நான்தான் போட வேண்டாம் என்றேன். கொக்கி தட்டுற சத்தம் என்று அந்த ஆள் சொல்லியிருந்தாரே. பதிவில் சத்தம் வந்து, அதைக் கொக்கி என்று மறுபடியும் சொல்லிவிட்டால் இத்தனை பாடும் வீண். சந்தேகத்துக்கு இடமான ஒன்றை அகற்றிவிட்டுத்தான் சோதனை செய்ய வேண்டும், ஒன்பதாம் வகுப்புப் பையன்கூடச் சொல்வான். "கால் மணி நேரம்தான், அந்த வளைவு தாண்டினதும் போட்டுக்கோ" என்றேன். "சரிங்க" என்றாள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். மேம்பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

வளைவில் வேகம் ஐம்பத்தைந்து. கதவு திறந்தது.

பதிவில் என் குரல் ஒரு சொல் சொல்கிறது என்று மூன்று முறை போட்டுக் காட்டினீர்கள். 'வந்துருச்சு.' ஆமாம், என் குரல்தான். ஒரு வருடம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தது கண்முன்னால் வந்தால், ஐயா, மனிதன் வேறு என்ன சொல்வான்? பிரேக்கை அழுத்த நான்கு விநாடி ஆகியிருக்கிறது என்றும் சொன்னீர்கள். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எரிந்தது. பிறகு அழுத்தினேன்.

சாலையில் இஸ்திரி மடிப்போடு ஒரு சுடிதார் கிடந்தது. அதை எடுத்து மடித்து வண்டிக்குள் வைத்தது எனக்கு நினைவிருக்கிறது. அவளிடம் அதற்குப் பிறகுதான் போனேன். எனக்கு அழத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அழுதேன். அந்த அழுகைக்கும் கதவுக்கும் சம்பந்தமில்லை.

மறுநாள் டைக்காரர் உங்கள் ஆட்களோடு வந்து கதவைப் பிரித்துப் பார்த்தாராம். பூட்டு புதிது போல் இருக்கிறதாம். கதவு வந்து சாத்தும் தூணில், பூட்டு கவ்விக்கொள்ளும் இரும்பு வளையத்தின் இரண்டு திருகுகள் மட்டும் தளர்ந்திருக்கின்றனவாம். அவற்றைத் திருகும் சாவி என் டாஷ்போர்டு பெட்டியில், அந்தக் கம்பளித் துணிக்குப் பக்கத்திலேயே இருந்ததாம். நான் அதை ஒளித்துவைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். என் சாமான்கள் எப்போதும் அதனதன் இடத்தில் இருக்கும்.

சரி. சனிக்கிழமை மதியம், அவள் உள்ளே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது நான் அந்தத் திருகுகளைத் தளர்த்தினேன். ஒவ்வொன்றும் ஒன்றரைச் சுற்று. இரண்டு சுற்று தளர்த்தினால் கதவே சாத்தாது, ஒரு சுற்று போதாது, அதையும் பார்த்துத்தான் செய்தேன். அவள் அங்கேதான் உட்காருவாள், தூங்குவாள், சாய்வாள் என்பது தெரிந்துதான் செய்தேன். இதைத்தானே காலையிலிருந்து கேட்கிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பையன்கள் செய்யும் வேலையோடு இதைச் சேர்க்காதீர்கள். இல்லாத அளவை எழுதுவது வேறு. இருக்கிற குறை வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டிருந்தால் அதை வெளியே வர விடுவது வேறு. அந்தக் கதவில் ஏற்கெனவே இருந்ததற்கு நான் வழி விட்டேன், அவ்வளவுதான்.

மருத்துவமனையில், பிணவறை வராந்தாவில் மைத்துனன் என் சட்டையைப் பிடித்தான். பிறகு பிடியை விட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அக்காவுக்கு எந்தச் சத்தமும் கேட்டதில்ல மாமா. என்கிட்ட சொல்லியிருக்கா. நீங்க எல்லார் முன்னாடியும் தனியா நிக்கறீங்களேன்னுதான், தனக்கும் கேக்குதுன்னு சொன்னா. கயிறு கட்டினதும் அதுக்குத்தான். உங்களுக்குத் தூக்கம் வரணும்னு."

துக்கத்தில் மனிதர்கள் எதையாவது சொல்வார்கள். அவன் அந்த வண்டியில் எத்தனை நாள் வந்திருக்கிறான்? அவள் என் மனைவி, பதினேழு வருடம். எனக்காக ஒரு பொய் சொல்லக்கூடியவள் இல்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நான் தலைகுனியப் போவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்கு என்ன தேதி என்று பார்த்தேன். வாரண்டி நாளை மாலை வரை இருக்கிறது. கதவைப் பிரித்துப் பார்த்ததற்கு ஒரு எட்டாவது அட்டை எழுதச் சொல்லி டைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். வலப்பக்கக் கட்டத்தில் இந்த முறை அவர் சரியாக எழுத வேண்டும். குறை இருந்தது, ஐயா. இல்லாவிட்டால் அவள் எப்படி விழுந்திருப்பாள்?