ஊசி இல்லாத சிரிஞ்சு

நாற்காலி வசதியாக இருக்கிறது, நன்றி. கண் துறைக்கு இப்படி ஒன்று வேண்டுமென்று பேராசிரியராகப் பத்து வருடம் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். விசாரணைக் குழுவுக்கு மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விழித்திரையை அரிக்கும் ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடித்தேன். போன வருடம் மேடையேற்றிக் கேடயம் கொடுத்தீர்களே, அதே மருந்துதான். அதைச் சோதிக்க, இரண்டு கண்ணிலும் நோய் உள்ளவர்கள்தான் வசதி. ஒரு கண்ணில் மருந்தூசி. மற்றதில் ஊசி இல்லாத சிரிஞ்சை வைத்து அழுத்தி எடுப்போம். கண் மரத்திருப்பதால் வித்தியாசம் தெரியாது. இது மோசடி இல்லை, முறை. நீங்களே கையெழுத்துப் போட்டு அனுமதித்த முறை.

என் அக்காவுக்கும் அதே நோய். கணக்கு டீச்சர், அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள். "இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்குடா. போர்டு தெரியலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்றாள். சோதனையில் சேர்த்துக்கொண்டேன். வலது கண்ணுக்கு மருந்து, இடது கண்ணுக்குச் சும்மா.

ஆறாம் மாதமே மருந்து வேலை செய்வது தெரிந்துவிட்டது. விதிப்படி அன்றே எல்லோருக்கும் இரண்டு கண்ணிலும் போட்டிருக்க வேண்டும். ஆனால் ஆறு மாதக் கட்டுரையை எந்தப் பெரிய இதழ் சீந்தும்? இரண்டு வருடமாவது வேண்டும். அறிக்கையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கிழித்துப் போடவில்லை, கவனியுங்கள். பத்திரமாக வைத்தேன்.

அக்கா மாதம் தவறாமல் வந்தாள். இடது கண் மங்குகிறது என்பாள், பொறுத்துக்கொள் என்பேன். நர்ஸிடம் வேறு பெருமை: "இடது கண்ணுல என் தம்பி ஊசி போட்டா வலிக்கிறதே இல்லைங்க." வலிக்காதுதான்.

இருபத்துநான்காம் மாதம், இடது கண்ணால் எழுத்து அட்டையின் முதல் வரியைப் படிக்கச் சொன்னேன்.

"எந்தச் சுவத்துலடா இருக்கு?" என்றாள்.

பூஜ்யம் என்று குறித்துக்கொண்டேன். வரைபடத்தில் இரண்டு கண்களின் கோடுகளும் அவ்வளவு அழகாகப் பிரிந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. கட்டுரையும் வந்தது.

உங்கள் கேள்விகளெல்லாம் இடது கண்ணைப் பற்றியே இருக்கின்றன. வலது கண்ணை யாரும் விசாரிக்கக் காணோம், நானே சொல்கிறேன். மருந்தை நிறுத்தினால் நோய் திரும்புமா என்று, கட்டுரையைப் படித்த ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு கண் போதும். அதற்காக ஊரார் கண்ணிலா கை வைக்க முடியும்? உரிமையோடு போகக்கூடிய இடம் அக்காதான்.

ஏழு மாதமாக வலது கண்ணிலும் ஊசி இல்லாத சிரிஞ்சைத்தான் வைக்கிறேன். நோய் திரும்புகிறது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், மனசு தாங்காது. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. பதினோரு மணிக்கு அடுத்த ஊசிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.