பால்பல் பட்ட கியர்

கதவை ஓங்கிச் சாத்துங்கக்கா. இன்னும் கொஞ்சம். உடையாது, பயப்படாதீங்க, இது அந்தக் காலத்து வோல்கா. இப்ப வர்ற தகர டப்பா இல்ல. ஆங், இப்ப சரி. பால் கேனைக் காலுக்கு நடுவுல வச்சுக்கோங்க. பாலிக்சியிலதானே எறங்கணும்? எறக்கி விட்டுடறேன். நான் அதையும் தாண்டி ஏரிக்குத் தென்கரை போகணும். எங்க அம்மா வீடு. பொழுது சாயறதுக்குள்ள இந்த வண்டி அம்மா வீட்டு வாசல்ல நிக்கணும், எனக்கு வேற எதுவும் வேணாம். நடுவுல யாராவது மடக்கிட்டா, இதை மறுபடி நான் கண்ணால பாக்க முடியாது.

சொல்றேன், சொல்றேன். மொதல்ல இந்தக் கண்ணாடிய உள்பக்கம் ஒரு தடவ தொடச்சு விடுங்களேன், மழையில பூரா ஆவி படிஞ்சிருக்கு. துணியா? சீட்டுல வெள்ளையா கெடக்குதே, அதுதான். புதுசா இருந்தா என்னக்கா, துணிதானே. அழுத்தித் தொடைங்க.

ரிப்பனா? கல்யாண வண்டி, அதான். டோக்மோக்ல மெக்கானிக் துர்தாகுன் இருக்காரே, உஸ்தா, கைதேர்ந்த உஸ்தான்னு ஊரே தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுதே, அவரு பையன் எர்மெக்குக்கு இன்னிக்குக் கல்யாணம். தெரியுமா அவரை? பாத்தீங்களா! உங்க வாயிலயும் அதே வருது, தங்கமான மனுஷன். அக்கா, தப்பா நெனைக்காதீங்க, அந்த வார்த்தையக் கேட்டாலே எனக்குக் குமட்டுது. உங்க வீட்டுக்காரரு ட்ராக்டர ஓசியில சரி பண்ணிக் குடுத்தாரா? குடுப்பாரு. ட்ராக்டர்ல திருடுறதுக்கு என்ன இருக்கு?

இல்ல, நான் கோவத்துல பேசல. கோவம் இருந்தது, இங்க வர்ற வழியிலேயே தீந்துபோச்சு. இப்ப இருக்கறது அருவருப்பு. சூப்புல பாதி குடிச்சப்புறம் அடியில ஈயப் பாத்தா எப்படி இருக்கும்? அப்படி.

எங்க அப்பாகிட்ட இதே மாதிரி ஒரு வோல்கா இருந்துச்சு. இதே பழுப்பு வெள்ளை ஸ்டீயரிங், ஸ்டீயரிங் பக்கத்துலயே கியர், முன்னாடி சோபா மாதிரி ஒரே நீளமா சீட்டு. பானட் மூக்குல தாவுற மான் பொம்மை. நாங்க மான் குலம், தெரியும்ல? அதனால அப்பாவுக்கு அந்த மான் மேல தனிப் பைத்தியம். கல்யாணம், சாவு, மகசூல், எதுவா இருந்தாலும் மானைத் தொட்டுட்டுத்தான் வண்டிய எடுப்பாரு. நான் ஒரே பொண்ணு. அவரு போனப்புறம் அம்மா வித்துடலாம்னு சொன்னாங்க. நான்தான் சண்டை போட்டு வாங்கி, பிஷ்கெக்குக்குக் காலேஜுக்கே ஓட்டிட்டுப் போனேன். சட்டம் படிக்கிறேன்கா. ஆமா, வக்கீல். அதான் இவ்வளவு வாயி.

பழைய வண்டின்னா சும்மாவா? இன்னிக்குக் கார்புரேட்டர், நாளைக்குப் பிரேக். அதுக்கு ஒரு நம்பிக்கையான ஆள் வேணும்ல? அப்பாவுக்கும் அந்த உஸ்தாதான், எனக்கும் அவருதான். நான் போனா அந்த ஆளு என்ன பண்ணுவாரு தெரியுமா? வாம்மா வாம்மான்னு நேரா வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி, கதவுக்குத் தூரமா, பெரிய விருந்தாளி உக்கார்ற எடத்துல உக்கார வைப்பாரு. எனக்குக் கூச்சமா இருக்கும். வயசானவங்க இருக்கும்போது நான் எப்படி அங்க உக்கார்றது? ஆனா விட மாட்டாரு. டீ வரும், பாலேடு வரும், எண்ணெயில பொரிச்சுச் சுடச்சுட போர்சோக் வரும். உஸ்தா, நானும் பட்டறைக்கு வந்து பாக்கறேனே, கத்துக்கறேனேன்னு கேட்டா, படிக்கிற பொண்ணு கையில கிரீஸ் படலாமான்னு சிரிப்பாரு. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சுங்கறீங்க. பொண்ணுன்னு எளக்காரமா நெனைக்காம மகாராணி மாதிரி நடத்துறாரேன்னு.

மகாராணி! அந்த எடத்துலேர்ந்து பாத்தா பட்டறை தெரியாதுக்கா. அதுக்குத்தான் அந்த மரியாதை. நான் உள்ள ஏடு தொட்டுத் தின்னுக்கிட்டு இருப்பேன், வெளிய என் வண்டியத் தோல உரிச்சுக்கிட்டு இருப்பாங்க.

ஒவ்வொரு தடவையும் ஒரு சாமான் போயிடும். ரேடியோ கருகிப்போச்சும்மா. முன்சீட்டு ஸ்பிரிங்கு இத்துப்போச்சும்மா, நம்மகிட்ட ஒரு மினிபஸ் சீட்டு இருக்கு, போட்டுத் தரேன். பம்பர் துரு. கடிகாரம் செத்துப்போச்சு. என்ஜின் ஓஞ்சுபோச்சும்மா, வேற ஒண்ணு வச்சுத் தரேன். கியர் தலையில இருக்குமே உருண்டையா குமிழு, அது பனியில வெடிச்சுப்போச்சு. எதுக்கும் காசு வாங்க மாட்டாரு. உங்கப்பன் என் கூடப் பொறக்காத தம்பிம்மாம்பாரு. சொல்லும்போது கண்ணு வேற கலங்கும். அந்தக் கண்ணத்தான்கா என்னால மன்னிக்கவே முடியல. திருடுறவன் திருடிட்டுப் போகட்டும், எதுக்குய்யா அழுவுற?

பின்னாடி கொட்டகையில தார்ப்பாய் போட்டு மூடி ஒரு வண்டி நின்னுச்சு. எர்மெக்தான் சொன்னான், அப்பா எனக்குக் கல்யாண வண்டி தயார் பண்றாருன்னு. அவன்தான் எனக்கு டீ கொண்டு வருவான். நல்லாப் பேசுவான். நான் ஒண்ணு சொன்னா எதுத்துப் பேசுவான், எனக்கு எதுத்துப் பேசறவங்களப் புடிக்கும். அதெல்லாம் விடுங்க.

கல்யாணம் பேசினப்ப உஸ்தா பொண்ணு வீட்டுல என்ன சீர் கேட்டாரு தெரியுமா? கம்பளம் வேணாம், மெத்தை வேணாம், பிரிட்ஜு வேணாம்னுட்டாரு. சொந்தக்காரங்க அத்தனை பேரு முன்னாடி, நெஞ்சுல கைய வச்சுக்கிட்டு, உங்க வோல்கா மூக்குல இருக்குற மானை மட்டும் குடுங்க, பையன் கல்யாண வண்டியில வச்சுக்கறேன், சம்பந்தி எங்ககூட வர்ற மாதிரி இருக்கும்னாரு. கூடத்துல ஒரு கண்ணு காயல. இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷனான்னு எங்க பெரியம்மா மூக்கைச் சிந்தினாங்க.

யாரோட வோல்காவா? ஆமாக்கா. எங்களுதுதான்.

நான்தான் பொண்ணு.

பாத்து, பாத்து, பால் சிந்துது! கேனப் புடிங்க. இந்தக் கோட்டு டிக்கியில கெடந்துச்சு, அந்தாளுது, ஒரே பெட்ரோல் வாடை. குளுருதேன்னு போட்டுக்கிட்டேன். உள்ள இருக்கறது கல்யாண டிரெஸ்ஸுதான். இல்லக்கா, மொல்லா இன்னும் நிக்கா ஓதல. அவங்க வீட்டுக்குப் போயித்தான் ஓதறதா இருந்துச்சு. அங்க கறி வெந்துக்கிட்டு இருக்கும்.

நடந்தது இவ்வளவுதான். காலையில எங்க வீட்டு வாசல்ல இந்த வண்டி வந்து நிக்குது. என்னா பளபளப்பு! முன்னாடி எங்க மான். போற வழியில போட்டோ எடுக்கணும்னு புரானா கோபுரத்துக்கிட்ட நிறுத்தினாங்க. ஆம்பளைங்க எல்லாம் எறங்கிப் போத்தலைத் தொறந்துட்டாங்க. மழை. டிரெஸ்ஸு நனையும், நீ உள்ளயே இருன்னான் எர்மெக். டிரைவரும் எறங்கிட்டான், சாவி தொங்குது. நான் சும்மா, எங்க அப்பா வண்டியில இப்படித்தானே இருக்கும்னு ஆசையா, பின்சீட்டுலேர்ந்து எட்டிக் கியரைப் புடிச்சேன்.

உங்க கையக் குடுங்க. இந்தக் குமிழுக்கு அடிப்பக்கம் தடவுங்க. சொரசொரன்னு குழி குழியா படுதா? அது என் பல்லு. பால்பல்லு. சின்னதுல அப்பா மடியில உக்காந்துக்கிட்டு இதைத்தான் கடிப்பேனாம். எங்கம்மா எத்தனை அடி அடிச்சிருக்காங்க தெரியுமா இதுக்கு? பனியில வெடிச்சுப்போச்சுன்னாரே, அந்தக் குமிழு.

அப்புறம் பாக்கறேன், ஒவ்வொண்ணா தெரியுது. அந்த ரேடியோ எங்களுது. கடிகாரம் எங்களுது. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்தச் சீட்டு எங்கம்மா உக்காந்த சீட்டு. மூணு வருஷமா என் வண்டியத் துண்டு துண்டா இங்க கொண்டாந்து சேத்திருக்காங்க. மான் ஒண்ணைத்தான் கழட்ட முடியல, நான் தெனம் அதைத் தொட்டுட்டு வண்டிய எடுக்கறவளாச்சே. அதையும் சீராக் கேட்டு வாங்கிட்டாங்க. நாங்களே மூக்கைச் சிந்திக்கிட்டுக் கழட்டிக் குடுத்தோம்.

அவனுக்குத் தெரியுமான்னுதானே கேக்கறீங்க? நானும் அதைத்தான் கேட்டேன். ஜன்னல்கிட்ட வந்தான், சிரிச்ச மொகமா. எர்மெக், இது எங்க அப்பா வண்டியான்னேன். இல்லைன்னு சொல்லியிருந்தாக் கூட, பொய் சொல்றான்னு தெரிஞ்சாலும், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அவன் கொஞ்சம் கூட வெக்கப்படல. ஓ, கண்டுபுடிச்சிட்டியா, அப்பா கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்னாருன்னான். அதனால என்ன, இப்ப எல்லாம் ஒரே வீட்டுக்குள்ளதானே இருக்குங்கறான்.

வீட்டுக்குள்ளதானே இருக்கு! என்னையும் அந்தக் கணக்குலதான்கா சேத்திருக்கான். ரேடியோ, கடிகாரம், மான், பொண்ணு.

குடை எடுத்துட்டு வரேன், எறங்காதன்னு போனான். சரின்னேன். முன்சீட்டுக்குத் தாண்டி உக்காந்து சாவியத் திருப்பினேன். ஒரே திருப்புல புடிச்சுக்கிச்சு. என்கிட்ட மிச்சம் இருக்கற சக்கை வண்டி காலையில முக்கி மொனகி எந்திரிக்கும், இது பூனை மாதிரி எந்திரிச்சுச்சு. அந்த மனுஷன் வேலை தெரிஞ்சவன்தான், அதை நான் மறுக்கல. பாவம், எர்மெக் இன்னும் குடையோட நின்னுக்கிட்டு இருப்பான்.

திருட்டாகாதான்னா? இருங்க, இதை வாதாடிப் பாத்துடலாம். வண்டி நம்பர் அந்தாளுது. வெளிக்கூடு எங்கேயோ காயலான் கடையில எடுத்தது, அதுவும் அந்தாளுது. ஒத்துக்கறேன். மத்ததெல்லாம் எங்களுது. அப்ப வரட்டும், எங்க அம்மா வீட்டு வாசல்ல உக்காந்து, அவரு தகரத்த மட்டும் கழட்டி எடுத்துட்டுப் போகட்டும். நான் டீ குடுக்கறேன். பெரிய விருந்தாளி எடத்துல உக்கார வச்சே குடுக்கறேன்.

ஐயோ. அதோ, கணவாய் வாயில போலீஸு. ரெண்டு பேரு நிக்கறான். போன் பண்ணிச் சொல்லியிருப்பாங்களோ? எனக்கென்ன தெரியும். எறங்கிக்கறீங்களாக்கா? எறங்கறதுன்னா இப்பவே சொல்லிடுங்க, உங்களுக்கு எதுக்கு வம்பு.

இல்லையா? நெசமாவா?

அப்ப ஒரு உபகாரம் பண்ணுங்க. கண்ணாடி தொடச்சீங்களே, அந்தத் துணிய எடுங்க. உதறுங்க. அது என் கல்யாண முக்காடு. என் தலையில போட்டு விடுங்க. மாமியார் போடணும்னு வச்சிருந்தது, பரவால்ல, நீங்க போடுங்க. கல்யாண வண்டிய நம்ம ஊர்ல எந்தப் போலீஸும் நிறுத்த மாட்டான், கும்புடு போட்டு அனுப்புவான். அழுக்கா? இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் முன்னாடி இழுத்து விடுங்க, மொகம் தெரியாம. ஆங்.

எங்க போறீங்கன்னு கேட்டா, பொண்ணைக் கொண்டுபோய் வீட்டுல விடறோம்னு சொல்லுங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லுங்கக்கா. பொய்யே இல்ல.