‘உடனே’ என்பது பிழை

பிழை திருத்துகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பேருந்துச் சீட்டைக்கூடப் பேனா இல்லாமல் படிக்க முடியாது. அதனால்தான் அய்யா, நீங்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். போன வாரம் மருத்துவமனையில் நீங்கள் எழுதி வாங்கிய என் வாக்குமூலத்தில் பிழைகள் இருக்கின்றன.

அச்சகத்தில் எனக்கு ஆறு வருட வேலை. சென்ற ஆண்டு சுகாதாரத் துறை ஒரு சுவரொட்டி அச்சடிக்கக் கொடுத்தது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதும் சொல்வதும் குற்றம் என்றிருந்தது. கூடவே வந்த சட்ட நகலை நான் முழுதாகப் படித்தேன். ‘கேட்பதும்’ விடுபட்டிருந்தது. சேர்த்தேன். துறையில் பாராட்டினார்கள். மெஷின் ஓட்டும் அண்ணன்தான் சிரித்தார்.

“சொல்றவனோட விட்டிருக்கலாம்ல தம்பி. கேக்கிறவனையும் சேத்து உள்ள தள்ளிட்டியே.”

ஆக, சட்டம் தெரியாது என்று நான் சொன்னது தவறு.

யாரும் என்னைத் தூண்டவில்லை. “எதுவா இருந்தா என்னடா, கை கால் சுகமாப் பொறந்தா போதும்” என்றுதான் அம்மா சொன்னார். எங்களுக்கு நாலு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். அடுத்தது மகன் என்றால் குடும்பம் நிறைவாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. வெறுப்பெல்லாம் இல்லை. மகளுக்கு இப்போதும் நான்தான் தலை பின்னுகிறேன்.

மனைவிக்கு வேறு ஆசை. “ரெண்டாவதும் பொண்ணுன்னா நல்லதுதாங்க. பெரியவ கவுனெல்லாம் சின்னவளுக்கு ஆகும். உங்க கஞ்சத்தனத்துக்கு அதான் பொருத்தம்” என்பாள்.

ஸ்கேன் அறைச் சுவரில் நான் திருத்திய சுவரொட்டியே இருந்தது. ஸ்கேன் எடுப்பவர் ஆண் என்றோ பெண் என்றோ சொல்லவில்லை. நானும் அவரும் முன்பே பேசி வைத்திருந்தோம். ஆண் என்றால் இரண்டு மாதம் கழித்து வரச் சொல்வார்.

“அடுத்த வாரமே வந்துடுங்க” என்றார்.

வெளியே வந்ததும் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க, இவ்வளவு சீக்கிரம் வரச் சொல்றாங்க? பாப்பாவுக்கு ஏதும் குறையா?”

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. அவளே எடுத்துக்கொடுத்தாள். ஆமாம் என்றேன். மறுநாள் அறிக்கையை அச்சகத்துக்கு எடுத்துப்போய், மூளை வளர்ச்சியில்லை என்று ஒரு வரி சேர்த்து, அதே எழுத்துருவில் அடித்துக் கொண்டுவந்தேன். நல்ல வேலைப்பாடு. அதை அவள் மூன்று முறை படித்தாள். பிறகு “ம்” என்றாள்.

‘மனைவியின் சம்மதத்துடன்’ என்று நான் சொன்னது இந்த ‘ம்’மைத்தான்.

ஸ்கேன் எடுப்பவருக்குத் தெரிந்த ஒரு பெண்மணியின் வீட்டில், சனிக்கிழமை காலை, கருவைக் கலைத்தோம். பதினொரு மணிக்கு வீடு திரும்பினோம். கொஞ்ச நேரத்தில் படுக்கை ரத்தத்தில் நனைந்துவிட்டது.

“பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க. எனக்கு முடியல.”

‘உடனே கொண்டுசென்றேன்’ என்று சொல்லியிருக்கிறேன். ‘உடனே’ என்பது பிழை. மூன்று மணி நேரம் ஆனது. சட்டம் தெரியாதவன் என்றால் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். யார் செய்தது என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார் என்பது எனக்குத் தெரியும். அடுத்த அறையில் உட்கார்ந்து பதிலை எழுதிப் பார்த்தேன். மாடிப்படியில் வழுக்கி விழுந்தாள். நம்ப மாட்டார்கள். தானே மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாள். எந்தக் கடை என்பார்கள்.

“என்னங்க, வண்டி வந்துடுச்சா?”

“வந்துட்டே இருக்கும்மா.”

வண்டிக்கு நான் சொல்லவே இல்லை. இன்னும் இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் அதையே சொன்னேன். பிறகு கேட்கவில்லை. அந்த அமைதியில் வேலை சுலபமாக ஓடியது.

எட்டாவது தடவை எழுதியதில் ஓட்டை எதுவும் இல்லை. அவளும் அதையே சொல்ல வேண்டுமே என்று பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக் காட்டினேன். புரிந்ததா என்று கேட்டுவிட்டு இன்னொரு முறை படித்தேன். கண்ணை இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவனமாக மனப்பாடம் செய்கிறாள் என்றுதான் நினைத்தேன்.