தட்சிணா பெயர் இல்லாத பக்கம்

ஓடுகிறேன். ஆரஞ்சு மரங்களுக்கு நடுவில். லெபனான், 2006 ஜூலை. செவ்வாய், காலை பத்தரை. முதலில் மெல்லிய விசில். அப்புறம் இடி. வாயெல்லாம் மண்.

"குனிஞ்சிக்கினு ஓடுப்பா!"

பின்னால் தட்சிணாவின் குரல். இரண்டாவது விசில். அதற்குப் பின் அவன் குரல் இல்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அவன் என் பக்கத்து வீடு. தறியை விட்டு இங்கே பழம் பறிக்க வந்தோம். எங்கள் ஊர் ஆட்கள் ஏழு பேர். சண்டை தொடங்கியதும் செல்போன் டவர் விழுந்தது. முதலாளியின் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. மாலையில் ஐந்து நிமிடம் தருவார். இணையத்தில் எனக்கு ஒரு வலைப்பூ இருந்தது. அதில் தினமும் ஏழு பெயரையும் எழுதினேன். பெயர் இருந்தால் ஆள் இருக்கிறான். அவ்வளவுதான் ஏற்பாடு. ஊரில் பிரவுசிங் சென்டர் கரீம் பாய் அதை பிரிண்ட் எடுத்து வீடுவீடாகக் கொடுத்தார்.

செவ்வாய் மாலை. கீபோர்டில் விரலை வைத்தேன். எங்கள் தெருவில் சாவை எழுதி அனுப்ப மாட்டோம். ஆள் போய் வாசலில் நின்று சொல்ல வேண்டும். அதனால் ஒன்றும் எழுதவில்லை. ஆறு பெயரை மட்டும் போட்டேன். புரிந்துகொள்வார்கள். மறுநாள் துறைமுகத்துக்கு ஓடினோம்.

நம் அரசு அனுப்பிய கப்பல் எங்களை ஏற்றிக்கொண்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். வழியில் ஒரே ஒரு போன். உயிரோடு வருகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னதுமே லைன் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் தெருவில் நுழைகிறேன். துக்க வீட்டுக்குப் போகும் மனதோடு. தட்சிணாவின் மனைவி செல்வி வாசலில் நிற்கிறாள். தலை நிறைய மல்லிகை.

"அவரு பின்னாடி வராராண்ணா?"

உள்ளே தறிக்காலில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. திங்கட்கிழமை பிரிண்ட். ஏழு பெயர்.

கரீம் பாய்தான் விஷயத்தைச் சொன்னார். யாரோ சிலர் எதையோ எழுதினார்களாம். அவர்கள் பக்கங்களை மூட டெல்லியிலிருந்து உத்தரவாம். அந்தச் சில பக்கங்களோடு எல்லாருடைய வலைப்பூவையும் இந்தியாவில் மூடிவிட்டார்கள். செவ்வாயிலிருந்து. இணைய இணைப்பு தரும் கம்பெனிக்குப் போன் போட்டால் மேலிடத்து உத்தரவு என்ற ஒரே பதில். எனக்கு மெயில் போட்டிருக்கிறார். நான் பார்க்கவில்லை.

குண்டு போட்டவன் எனக்கு யாரோ. கழுத்தறுத்தது நான் கும்பிட்ட அரசு. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. எழுதாமல் விட்ட என் விரல்மீதும் ஆறவில்லை.

அன்று வாசலில் நின்று நானே சொன்னேன். செல்வி பூவைக் கையால் மூடிக்கொண்டாள்.

போனவர்கள் ஏழு. வந்தவர்கள் ஆறு. தட்சிணாவின் உடல் வரவில்லை. செல்வி அழுதிருக்க வேண்டிய பதினோரு நாட்களும் வரவில்லை. பக்கத்தைப் பிறகு திறந்துவிட்டார்கள். போய்ப் பாருங்கள். ஆறு பெயர்தான் இருக்கிறது.