இரண்டு பக்கமும் ஒரே இழுப்பு

இந்த மேசை விரிப்பு உங்கள் பக்கம் நீளமாகத் தொங்குகிறது, ஐயா. நீங்கள் கேள்வி கேட்கும்போதெல்லாம் என் கண் அங்கேயே போகிறது. அதைச் சரிசெய்துவிட்டுச் சொல்கிறேன்.

நானும் என் வீட்டுக்காரரும் இருபத்து மூன்று வருஷம் பஞ்சுப் போர்வை தைத்தோம். முன்னறை முழுக்க மரச்சட்டம்தான். துணியின் தலையும் காலும் இரண்டு உருளைக் கட்டைகளில் சுற்றியிருக்கும். பக்கங்கள் சும்மா கிடக்கும். அவற்றில் ஊக்கு குத்தி, நாடா கோத்து, பக்கக் கட்டையில் இழுத்துச் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் இழுப்பு கூடினால் தையல் கோணிவிடும். அதனால் அவர் சன்னல் பக்கமும் நான் சுவர்ப் பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே நேரத்தில் இழுப்போம். "சரியா?" என்று கேட்பேன். "சரிடி, இஞ்சி டேப்பு" என்பார். அளவெடுக்கிற நாடா மாதிரி கண் என்று எனக்கு அவர் வைத்த பேர் அது. அப்போது அவர் சுத்தமான மனிதர்.

போன வருஷம் அவருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வாய் ஒருபக்கமாகக் கோணிக்கொண்டது. மறுபக்கக் கடைவாயில் எச்சில் ஒழுகியபடி இருந்தது. குளிப்பாட்டினேன், ஊட்டினேன், அள்ளிக் கொட்டினேன். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். உள்ளே குமட்டிக்கொண்டே இருந்தது, அது அவர்களுக்குத் தெரியாது. அசிங்கத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் கோணலைத்தான் பொறுக்க முடியவில்லை.

சட்டத்தை விட்டு அவர் நகரமாட்டார். "நானும் இழுக்குறேன்" என்று குழறுவார். செத்த கையால் இழுத்தால் என்ன ஆகும்? அவர் பக்கம் எப்போதும் தளர்ந்து கிடக்கும். எங்களிடம் வாங்கி விற்கிற கடைக்காரம்மா இரண்டு போர்வையைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டாள்.

"என்னக்கா, தையல் பாம்பு மாதிரி நெளியுது? இன்னொண்ணு இப்படி வந்தா வேற ஆளப் பாத்துக்குவேன். கோவிச்சுக்காதீங்க."

செவ்வாய்க்கிழமை காலை சட்டத்தில் வெள்ளைப் போர்வை. இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. துணி உலர்த்தக் கொல்லைக்குப் போய் வந்தேன். அதற்குள் அவர் தன் பக்கத்து நாடாவை அவிழ்த்து, பல்லில் கடித்து, நல்ல கையால் சுற்றிக்கொண்டிருந்தார். போர்வைமேல் எச்சிலும் காலையில் தின்றதும் கூழாக வழிந்திருந்தது. பாதி வாயால் சிரித்து, "சரியா?" என்று கேட்டார்.

"சரி" என்றேன்.

வாயைத் துடைத்து, மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்தேன். நன்றாகத் தூங்கிவிட்டார். கறை பட்ட போர்வை இனி யாருக்கு ஆகும்? சட்டத்திலிருந்து அவிழ்த்து அவருக்கே போர்த்தினேன். சுருக்கம் விழுந்தது. விளிம்பில் ஊக்கு குத்தி, நாடாவைக் கட்டில் சட்டத்தில் சுற்றினேன். முதலில் கால், பிறகு இடுப்பு, மார்பு. கடைசியாக முகம். அந்த வாய் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்றுதான். எதிரே ஆள் இல்லாததால் நானே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நடந்து, பக்கத்துக்கு இரண்டு சுற்று போட்டேன். பழக்கத்தில் "சரியா?" என்று கேட்டேன்.

துணி கொஞ்ச நேரம் ஏறி இறங்கியது. பிறகு ஒரு சுருக்கமும் இல்லை. நான் கை கழுவிவிட்டு முன்னறையில் புதுத் துணியை ஏற்றினேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாது, தூக்கத்திலேயே போய்விட்டார். அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

ஆனால் உங்கள் ஏட்டு கட்டிலைப் பார்த்து எழுதியதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். இடப்பக்கத்து நாடா நான்கு விரல் தளர்ந்திருந்ததாம், ஊக்கு வளைந்திருந்ததாம். நான் கட்டியபோது இரண்டும் ஒரே இழுப்பு. அது அவருடைய நல்ல கை இருந்த பக்கம், ஐயா. அதை நான் தளரவிடவில்லை. அவர் இழுத்ததுதான்.